லியன் இருந்த விலாசம்

நான் ஒரு பெண்ணைக் காட்டிக்கொடுத்தேன்.

இதை வேறு விதமாகச் சொல்ல எத்தனையோ முறை முயன்றிருக்கிறேன். தகவல் கொடுத்தேன்... தொலைபேசியில் ஒரு விலாசம் சொன்னேன்... தேடி வந்தவர்களுக்கு வழிகாட்டினேன்... எதுவும் பொருந்தவில்லை. நான் செய்ததற்கு நம் மொழியில் ஒரே ஒரு சொல்தான் உண்டு. என் இளமைக் காலத்தில், எங்கள் பக்கத்தில், அந்தச் சொல்லை அட்டையில் எழுதிக் கழுத்தில் மாட்டி, மனிதர்களை மின்கம்பத்தில் கட்டிச் சுட்டார்கள். ஆகவே அதன் எடை எனக்குத் தெரியாததல்ல.

என் பெயர் றெஜினா. மன்னாரில் பிறந்தவள். ஜெர்மனியில் பதினொரு வருடங்கள் இருந்துவிட்டு, கணவர் அன்ரனோடு லண்டனுக்கு வந்து மோர்டனில் குடியேறியவள். பிள்ளைகள் இல்லை. அவருக்கு மின்சார வேலை. எனக்கு வீடுகள் துப்புரவாக்கும் வேலை. ஞாயிறு பூசை தவறியதில்லை. தபசுகாலத்தில் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் தவறியதில்லை. கோபப்பட்டேன் சுவாமி, புறம் பேசினேன் சுவாமி, செபமாலை சொல்லாமல் தூங்கிவிட்டேன் சுவாமி... எல்லாம் சொல்லியிருக்கிறேன். இதை மட்டும் சொன்னதில்லை.

உங்களிடம் ஏன் சொல்கிறேன்? உங்களால் என்னை மன்னிக்க முடியாது. அந்த அதிகாரம் உங்களுக்கு இல்லை. அதனால்தானோ என்னவோ!

அண்மையில் தொலைக்காட்சியில் ஒரு செய்தி வந்தது. சீனப் படையின் உச்சியில் இருந்த ஜெனரல்கள் சிலரை ஊழல் குற்றச்சாட்டில் பதவி பறித்து, கட்சியிலிருந்தும் நீக்கியிருக்கிறார்களாம். அன்ரன் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "எங்கட லியன்ர அப்பாவைப் போல..." என்றார். நான் எழுந்து குசினிக்குள் போய்விட்டேன்.

எங்கட லியன்! அவர் இன்னமும் அப்படித்தான் சொல்கிறார்.

லியனை முதலில் கண்டது 2008இல். தேம்ஸ் ஆற்றோரத்தில் ஒரு கண்ணாடிக் கட்டடம். அதன் ஒன்பதாம் மாடியில் அவள் தனியாக இருந்தாள். இருபத்திரண்டு வயது. பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்தாள். செவ்வாயும் வெள்ளியும் நான் போய்த் துப்புரவாக்குவேன். வெள்ளை நிறச் சோபாவில் சப்பாணி கொட்டி உட்கார்ந்து நூடில்ஸ் சாப்பிடுவாள். என்னைக் கண்டதும் பதறி எழுந்து, சிந்தியதைத் தன் கையாலேயே துடைப்பாள். அப்படிப்பட்ட வீடுகளில் அப்படிப்பட்ட பிள்ளைகளை நான் அதிகம் கண்டதில்லை.

புத்தக அலுமாரியில் அவளுடைய தகப்பனின் படம் இருந்தது. பச்சைச் சீருடை, நெஞ்சில் வரிசையாகப் பட்டைகள், சிரிக்காத முகம். சீனப் படையில் அவர் ஒரு ஜெனரல். வாரத்தில் இரண்டு நாள் அந்த முகத்தின் தூசியைத் தட்டியவள் நான்.

எங்களுக்குள் பேச்சு ஆங்கிலத்தில்தான். அவளுடையது புத்தக ஆங்கிலம். என்னுடையது ஜெர்மன் கலந்த உடைந்த ஆங்கிலம். இங்கே எல்லாவற்றையும் தமிழிலேயே தருகிறேன்.

2009 பிறந்து சில வாரங்களில் அவளுடைய தகப்பன் காணாமற்போனார்.

காணாமற்போனார் என்றால்... எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு ஒரு பொருள் உண்டு. அங்கே அதற்கு வேறு பொருளாம். காலையில் ஒரு கூட்டத்துக்கு அழைத்திருக்கிறார்கள். போயிருக்கிறார். திரும்பவில்லை. அன்றைக்கே அவருடைய சாரதியையும் செயலாளரையும் கொண்டுபோய்விட்டார்கள். தாய் ஒரே ஒரு தடவை தொலைபேசியில் கூப்பிட்டு, "வீட்டுக்கு அழைக்காதே. யார் கூப்பிட்டாலும் வராதே" என்றாராம். அதன் பிறகு தாயின் தொலைபேசியும் அடங்கிவிட்டது. படைக் கல்லூரி ஒன்றின் வாசற் கல்லில் தகப்பன் தூரிகையால் எழுதிக்கொடுத்த வாசகம் பொறித்திருந்ததாம். அதைக்கூட உளியால் செதுக்கி எடுத்துவிட்டார்கள் என்று யாரோ படம் அனுப்பியிருந்தார்கள். லியன் அதை எனக்குக் காட்டினாள். கல் மட்டும் இருந்தது. எழுத்திருந்த இடம் வெள்ளையாக, சொரசொரப்பாக...

அவள் இருந்த வீடு அவளுடையதும் அல்ல, தகப்பனுடையதும் அல்ல. படைக்குக் கட்டடம் கட்டிக்கொடுத்த ஒப்பந்தக்காரர் ஒருவரின் பெயரில் இருந்தது. சில பத்திரங்களில் லியனும் கையெழுத்திட்டிருந்தாள். பதினெட்டு வயதில், தகப்பன் நீட்டிய தாளில், என்னவென்று கேளாமல்! அந்த ஒப்பந்தக்காரரையும் பிடித்துவிட்டார்கள் என்று தெரிந்த அன்று, அவள் ஒரு பெட்டியோடு மின்தூக்கிக்கு அருகே நின்றாள்.

"ஆன்ட்டி, எனக்கு இருக்க ஒரு இடம் தெரியுமா? யாருக்கும் தெரியாத இடம்?"

நான் அன்ரனுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் இரண்டாவது கேள்வி கேட்கவில்லை.

"கூட்டிக்கொண்டு வாரும். அகதியா வரேக்க என்னை ஏஜென்சிக்காரன் எல்லையில இறக்கிவிட்டிட்டு ஓடேக்க, முன்பின் தெரியாத ஒரு குடும்பம்தானே மூண்டு நாள் வைச்சுச் சாப்பாடு தந்தது. பின்னறையை நான் ஒதுக்கிவிடுறன்."

இப்படித்தான் ஒரு ஜெனரலின் மகள் மோர்டனில், வயர்ச் சுருள்களும் பழைய விசிறிகளும் அடுக்கிய எங்கள் பின்னறைக்கு வந்து சேர்ந்தாள். அவளுடைய சாமான்களைச் சுமந்து வந்தவன் ஹாவோ. அவளோடு படித்த சீனப் பையன்; மெலிந்தவன், கண்ணாடி போட்டவன், கதவருகே சப்பாத்தைக் கழற்றி வரிசையாக வைத்துவிட்டு வந்தவன். அவள் இருக்குமிடம் தெரிந்தவர்கள் மூன்று பேர்தான்: நான், அன்ரன், ஹாவோ.

இந்த எண்ணிக்கையை மறந்துவிடாதீர்கள்.

மாசியிலிருந்து வைகாசி வரை அவள் எங்களோடு இருந்தாள். காலையில் எனக்கு முன் எழும்பிச் சட்டி பானை கழுவி வைப்பாள். அன்ரனோடு உட்கார்ந்து புட்டுக் குழைத்துச் சாப்பிடப் பழகினாள். அவர் அவளை "பிள்ளை" என்று கூப்பிட்டார். அதற்கு என்ன பொருள் என்று என்னிடம் கேட்டாள். சொன்னேன். அன்றிரவு அவர் வரும்வரை சாப்பிடாமல் காத்திருந்தாள்.

தகப்பனைப் பற்றி ஒருநாள் நேராகவே கேட்டேன்.

"உம்மட அப்பா உண்மையிலேயே களவெடுத்தவரோ?"

"ஓம்" என்றாள். மழுப்பவில்லை. "புது வருடம் வந்தால் எங்கள் முற்றத்தில் அதிகாரிகள் பெட்டிகளோடு நிற்பார்கள். பதவி உயர்வு வேண்டி. எல்லா அப்பாமார் வீட்டிலும் அப்படித்தான் என்று நினைத்து நான் வளர்ந்தேன். ஆனால் ஒன்று சொல்கிறேன், ஆன்ட்டி... அப்பாவைக் கொண்டுபோனவர்களில் ஒருவர் என் பதினாறாவது பிறந்தநாளுக்கு வந்தவர். அவரும் பெட்டியோடுதான் வந்தார்."

"பிறகேன் உம்மட அப்பாவை மட்டும்?"

"அப்பா யாருடைய ஆளோ, அவர் முதலில் விழுந்தார். அதனால் அப்பாவும். சுத்தம் செய்கிறோம் என்கிறார்கள். சுத்தம்தான். ஆனால் எந்த மூலையிலிருந்து கூட்டத் தொடங்குவது என்பதைத் துடைப்பம் வைத்திருப்பவர்தானே தீர்மானிக்கிறார்!"

என் தொழிலை வைத்தே எனக்கு விளங்கச் சொன்னாள். கெட்டிக்காரி.

அதே மாதங்களில் என் தம்பி சேவியரும் அவன் மனைவியும் மகள் நிரோஷாவும் வன்னியில் போருக்குள் அகப்பட்டிருந்தார்கள். இடம்பெயர்ந்து, இடம்பெயர்ந்து, கடைசியில் கடலோரத்து மணல் துண்டு ஒன்றில். அந்த வருடம் லண்டனில் இருந்த தமிழர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. நாடாளுமன்றத்துக்கு முன்னால் இருந்த சதுக்கத்தில், போரை நிறுத்தச் சொல்லி, நாங்கள் இரவும் பகலுமாகக் கிடந்தோம். வேலை முடிந்து நேரே அங்கே போவேன். ஒருநாள், எங்கள் நாட்டு அரசுக்கு யார் யார் ஆயுதம் கொடுத்தார்கள் என்று ஒலிபெருக்கியில் ஒரு பொடியன் நாடுகளின் பெயரை வாசித்தான். லியனின் நாடும் அதில் இருந்தது.

வீட்டுக்கு வந்தேன். அவள் எனக்காகச் சோறு போட்டு மூடி வைத்திருந்தாள்.

"உம்மட அப்பா ஆயுதம் விக்கிற பகுதியிலயோ இருந்தவர்?" என்று கேட்டேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். ஏன் கேட்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. வீட்டில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டேதானே இருந்தது.

"இல்லை, ஆன்ட்டி. நிலம், குடியிருப்பு, மருத்துவமனைக் கட்டடம்... அதுதான் அவருடைய பிரிவு. இருபது வருடமாக அவர் துப்பாக்கியைத் தொட்டதில்லை. 'என் கட்டளைக்குப் பணிவது சிமெந்து மூட்டைதான்' என்று அவரே பகிடி விடுவார்."

கேட்டீர்களா? எனக்குத் தெரியும். நான் அறியாமற் செய்யவில்லை. இதை இந்த இடத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் என்மேல் இரக்கப்பட நேர்ந்தால் உதவும்.

சித்திரை மாதம் அந்த ஒன்பதாம் மாடி வீட்டைக் கடைசியாக ஒருமுறை துப்புரவாக்கிக் கொடுக்கச் சொல்லி எனக்கு வேலை தரும் முகவர் நிலையம் என்னை அனுப்பியது. அங்கே ஒரு மனிதர் ஜன்னலருகே நின்றார். சாம்பல் நிற மழைக்கோட்டு, நரைத்த தலை, மரியாதையான ஆங்கிலம். சீனர். தன்னைக் குடும்ப நண்பர் என்றார்.

"இங்கே இருந்த பெண் எங்கே என்று தெரியுமா, அம்மணி?"

"தெரியாது" என்றேன். அன்று நான் சொன்னது நல்ல பொய்.

"தெரிந்தால் சொல்லுங்கள். அவள் திரும்பி வந்தால் தகப்பனுடைய வழக்கு இலகுவாகும். அவர் பேச மறுக்கிறார். மகளைக் கண்டால் பேசுவார்."

பெயரில்லாத ஒரு அட்டையை நீட்டினார். ஒரு தொலைபேசி எண் மட்டும் அச்சிட்டிருந்தது. வேலைக் கோட்டின் உட்பையில் போட்டேன். எறிந்திருக்கலாம். அந்தக் கட்டடத்தின் கீழே குப்பைத் தொட்டிகள் வரிசையாக இருந்தன. அவற்றைத் தாண்டித்தான் வந்தேன். எறியவில்லை. லியனிடம் சொல்லவும் இல்லை. ஏன்? உங்களிடம் பதில் இருந்தால் சொல்லுங்கள்...

ஆனால் ஒன்று செய்தேன். அவளுக்கு அகதி விண்ணப்பம் போட எங்களுடைய பழைய சட்டத்தரணியிடம் நேரம் எடுத்தேன். அந்த அலுவல் எனக்கு அத்துப்படி. எந்தத் தாள், எந்த வரிசை, எந்தக் கேள்விக்கு எப்படி மூச்செடுத்துப் பதில் சொல்வது... இரண்டு நாடுகளில் அந்தக் கதவைத் தட்டியவள் நான். வைகாசி நடுவில் ஒரு வியாழக்கிழமைக்கு நேரம் கிடைத்தது. லியன் அந்த நாளைச் சுவர்க் கலண்டரில் சிவப்புப் பேனையால் வட்டமிட்டாள்.

அந்த வியாழனுக்கு ஒரு வாரம் முன்பு, வவுனியாவிலிருந்து என் மச்சாள் முறையானவர் தொலைபேசியில் கூப்பிட்டார். நான் அப்போது வேறொரு வீட்டில் குளியலறை தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"றெஜினா, இருக்கிறியோ நிக்கிறியோ? இரு... சேவியரும் பெண்சாதியும் உயிரோட இருக்கினமாம். சின்னவள்... கஞ்சிக்கு வரிசையில நிண்டவளாம்... ஷெல் விழுந்து..."

நிரோஷாவுக்குப் பன்னிரண்டு வயது.

நான் வேலையை முடித்தேன். இதை நம்புகிறீர்களா? குளியலறையை முழுதாகத் தேய்த்து, கண்ணாடி துடைத்து, துவாய்களை மடித்து வைத்துவிட்டுத்தான் புறப்பட்டேன். பின்னேரம் மூன்றரை மணிபோல வீட்டுக் கதவைத் திறந்தேன்.

லியன் ஓடி வந்தாள். முகம் முழுவதும் சிரிப்பு. நான்கு மாதத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை.

"ஆன்ட்டி! அப்பா உயிரோடு இருக்கிறார்! ஹாவோவின் நண்பன் மூலம் செய்தி வந்தது. சுட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன்... உயிரோடு இருக்கிறார்!"

என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு துள்ளினாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்திருந்தால் துள்ளியிருக்க மாட்டாள். என் காலடியில் உட்கார்ந்து அழுதிருப்பாள். எனக்கு அது நிச்சயம். அவள் கைகள் என் முதுகில் இருந்தன. அவளுடைய தோளுக்கு மேலால் நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சந்தோசம்" என்றேன்.

அன்ரன் வந்ததும் அவரிடம் நிரோஷாவைப் பற்றிச் சொன்னேன். அவர் தலையிலடித்து அழுதார். லியனுக்கு விஷயம் தெரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு பின்னறைக்குள் போனாள். பிறகு வந்து, எங்கள் மாதா சுரூபத்தின் முன்னால், தனக்குத் தெரியாத வணக்கமுறையில், நெற்றி தரையில் முட்ட விழுந்து கும்பிட்டாள்.

நான் அழவில்லை. எனக்குள் ஒரே ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. இவளுக்கு அப்பா இருக்கிறார்... சேவியருக்கு மகள் இல்லை. இவளுக்கு அப்பா இருக்கிறார்... அதே பச்சைச் சீருடை... சேவியருக்கு மகள் இல்லை.

அடுத்த நாள் காலை மோர்டன் ஸ்டேஷன் வாசலில் நின்று அந்த எண்ணுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

கோபம்கூட இருக்கவில்லை. கடைக்குப் போய் உப்பு வாங்குகிறவளைப்போல நின்றேன். வீட்டு இலக்கம், வீதியின் பெயர், தபாற் குறியீடு... அவர் திருப்பிச் சொல்லச் சொன்னார். திருப்பியும் சொன்னேன். "சனிக்கிழமை காலையில் வாருங்கள். வீட்டில் வேறு யாரும் இருக்க மாட்டார்கள்" என்று நானாகவே சேர்த்தும் சொன்னேன். அதை அவர் கேட்கவே இல்லை!

"குடும்பத்துக்கு நல்லது செய்திருக்கிறீர்கள்" என்றார்.

எந்தக் குடும்பத்துக்கு?

சனிக்கிழமை அன்ரன் ரெய்னர்ஸ் லேனில் ஒரு வேலைக்குப் போனார். நான் கோவிலில் நிரோஷாவுக்காக ஒப்புக்கொடுத்த பூசைக்குப் போனேன். "நானும் வரட்டுமா?" என்று லியன் கேட்டாள். "வேண்டாம், நீர் படியும்" என்றேன். அந்தப் பூசையில், பாவத்தோடு வாங்கக்கூடாத நற்கருணையை வாங்கினேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

திரும்பி வந்தபோது வீதி முனையில் ஒரு கறுப்புக் கார் நின்றது. உள்ளே மழைக்கோட்டுக்காரரும், நடுத்தர வயதுச் சீனப் பெண் ஒருத்தியும். அவர் என்னைப் பார்த்தார், அறிமுகம் காட்டவில்லை. அந்த வகையில் நாகரிகமானவர்.

லியன் மேசையில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஒரு கடிதம்.

"கண்டுபிடித்துவிட்டார்கள், ஆன்ட்டி. பலவந்தம் செய்யவில்லை. ஒரு மணி நேரம் தந்திருக்கிறார்கள். இது அப்பாவின் கையெழுத்து. 'வீட்டுக்கு வா, பயப்படாதே' என்று எழுதியிருக்கிறார். ஆனால்..." கடிதத்தை என் பக்கம் திருப்பினாள், எனக்கு அந்த எழுத்தைப் படிக்கத் தெரியும் என்பதுபோல. "என் முழுப் பெயரையும் எழுதியிருக்கிறார். அப்பா ஒருநாளும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை."

நான் கோட்டைக் கழற்றாமல் நின்றேன்.

"வியாழக்கிழமை சட்டத்தரணி இருக்கிறார்தானே? நான் கதவைத் திறக்காமல் இங்கேயே இருக்கலாமா? இந்த நாட்டில் அவர்கள் என்னை இழுத்துப்போக முடியுமா? உங்களுக்குத் தெரியும், ஆன்ட்டி. நீங்கள் சொல்லுங்கள். நான் போகவா?"

இதுதான் அந்த இடம்.

தொலைபேசியில் சொன்னதைக்கூட ஒரு பைத்தியக் கணம் என்று யாராவது மன்னிக்கலாம். துக்கம், தம்பி மகள், போர்... ஆனால் இந்தக் கேள்வி என் முன்னால் வைக்கப்பட்டபோது எனக்குப் புத்தி தெளிவாகவே இருந்தது. அவர்களால் அவளை இழுத்துப்போக முடியாது என்று தெரியும். பொலிசுக்கு ஒரு அழைப்பு, சட்டத்தரணிக்கு ஒரு அழைப்பு... அவ்வளவுதான் வேண்டியிருந்தது. அந்தக் கடிதம் யாரோ பக்கத்தில் நின்று எழுதவைத்தது என்றும் தெரியும். அவளுடைய தாய் 'வராதே' என்று சொன்னதும் தெரியும்.

"அப்பா கூப்பிட்டால் பிள்ளை போகத்தானே வேணும்" என்றேன்.

அவள் கடிதத்தை நான்காக மடித்தாள். பிறகு தலையாட்டினாள். பெரியவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்ளும் பிள்ளையாகத்தான் வளர்ந்திருந்தாள். நான் அவளுடைய உடுப்புகளை மடித்துக் கொடுத்தேன். பெட்டி பூட்ட மறுத்தபோது அதன்மேல் உட்கார்ந்து பூட்டினேன்.

வாசலில் வைத்து அவள் என் கைகளைப் பிடித்துக்கொண்டாள். "அங்கிளிடம் சொல்லுங்கள்" என்றாள். என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லாமலே போய்விட்டாள்.

பின்னேரம் அன்ரன் வந்தார். வெறும் அறையைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"போயிட்டுதோ? நீர் ஏன் மறிக்கேல்லை? எனக்கு ஒரு போன் எடுத்திருக்கலாமே! நான் ஓடி வந்திருப்பனே!"

"தானா விரும்பித்தான் போனவள்" என்றேன்.

"அவளுக்கு என்ன தெரியும், றெஜினா? உமக்குத் தெரியும்தானே..."

அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. நிரோஷாவை நினைத்து நான் நிலைகுலைந்து போயிருக்கிறேன் என்று அவருக்கு எண்ணம். என் துக்கத்துக்கு மரியாதை செய்தார். அந்த மரியாதைக்குள் நான் ஒளிந்துகொண்டேன்.

சில நாட்களில் ஊரில் போர் முடிந்துவிட்டது என்றார்கள். சேவியரும் மனைவியும் முகாமுக்குள் கொண்டுபோகப்பட்டார்கள். நான் செய்ததால் அவர்களுக்கு ஒரு பிடி அரிசி கூடவோ குறையவோ இல்லை. நிரோஷா இறந்தவளாகவே இருந்தாள். வேறென்ன நடக்கும் என்று எதிர்பார்த்தேன்? தெரியவில்லை.

கார்த்திகை மாதத்தில், மழை பெய்த ஒரு மத்தியானம், ஹாவோ வந்தான்.

இன்னும் மெலிந்திருந்தான். சப்பாத்தைக் கழற்றி வரிசையாக வைத்துவிட்டு உள்ளே வந்தான். தேநீர் கொடுத்தேன். கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டே செய்தி சொன்னான். தகப்பனுக்கு ஆயுள் தண்டனை. லியன் விமான நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போகவே இல்லை. அந்தப் பத்திரங்களில் இருந்த கையெழுத்துக்காக அவளையும் தடுத்து வைத்திருக்கிறார்கள். மகளை அடுத்த அறையில் வைத்துக்கொண்டு தகப்பனிடம் கேட்டார்களாம். அவர் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாராம். தன்னிடம் பெட்டி கொண்டுவந்தவர்களின் பெயர்களைச் சொன்னாராம். தன்னிடமிருந்து பெட்டி வாங்கியவர்களின் பெயர்களையும் சொன்னாராம்; விசாரித்தவர்கள் அவற்றை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டார்களாம்.

பிறகு கோப்பையை வைத்தான்.

"ஆன்ட்டி, எங்கள் மாணவர்கள் யாரும் என்னோடு பேசுவதில்லை. நான்தான் அவளைக் காட்டிக்கொடுத்தேன் என்கிறார்கள். அவளுடைய இடம் எனக்கு மட்டும்தானே தெரியும் என்கிறார்கள். நான் சொல்லவில்லை. தயவுசெய்து கோபிக்காமல் கேளுங்கள்... நீங்களோ அங்கிளோ யாரிடமாவது, தவறுதலாக...?"

குசினியில் குளிர்பெட்டி இரைந்துகொண்டிருந்தது.

"இல்லை, தம்பி" என்றேன். "நாங்கள் ஏன் சொல்லுறம்?"

அவன் என் முகத்தைக்கூடச் சோதிக்கவில்லை. உடனேயே நம்பினான். நம்பிவிட்டுத் தன் விரல்களை ஒவ்வொன்றாக மடித்து எண்ணினான்.

"அப்படியென்றால் நான்தான்" என்றான்.

"என்ன?"

"சித்திரையில் என் அம்மாவோடு தொலைபேசியில் பேசினேன். லியன் பாவம், தெற்கு லண்டனில் நல்ல மனிதர்களோடு இருக்கிறாள் என்று சொன்னேன். கவலைப்பட்டுக் கேட்டார் என்று சொல்லிவிட்டேன். யாரோ ஒட்டுக்கேட்டிருக்க வேண்டும். அல்லது அம்மா யாரிடமாவது..." அவனுடைய குரல் உடைந்தது. "நான்தான், ஆன்ட்டி! நானே!"

சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வசனம் போதும். வாய்வரை வந்ததா? அதுகூட இல்லை. உங்களுக்கு உண்மை சொல்வதென்று உட்கார்ந்தபின் இதில் மட்டும் ஏன் பொய்? அந்தக் கணத்தில் எனக்கு ஆறுதலாக இருந்தது. என் கையில் இருந்த பாரத்தை இன்னொருவன் தானாகவே வாங்கிக்கொள்கிறானே என்று...

"லியன் என்னை மன்னிப்பாளா?" என்று கேட்டான்.

நான் அவன் தலையில் கை வைத்தேன்.

"மன்னிப்பாள். நீ தெரியாமல்தானே செய்தனீ."

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். எனக்கு நன்றி சொன்னான்.

ஹாவோ இந்த நாட்டிலேயே தங்கிவிட்டான். வடக்கே ஒரு நகரத்தில் வேலை. ஒவ்வொரு நத்தார் பண்டிகைக்கும் ஒரு வாழ்த்து அட்டை அனுப்புவான். லியன் விடுதலையாகிவிட்டாள் என்று ஒரு வருடம் எழுதியிருந்தான்; எங்கே இருக்கிறாள் என்று தெரியாதாம். கடைசியாக வந்த அட்டையில் தாயைப் பற்றி எழுதியிருந்தான். அந்த நாளுக்குப் பிறகு அவன் தாயோடு மனம்விட்டுப் பேசியதே இல்லையாம். அவர் ஏன் என்று கேட்டுக் கேட்டு, இப்போது கேட்பதையும் விட்டுவிட்டாராம்.

அன்ரன் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பாவம் பொடியன். ஆறுதலா ரெண்டு வரி எழுதும், றெஜினா. நீர் சொன்னால் கேப்பான்."

எழுதினேன். "உன் மேல் ஒரு பிழையும் இல்லை" என்று எழுதினேன். அது முழு உண்மை. அதற்குக் கீழே நிறைய இடம் இருந்தது. அதில் எங்கள் இருவரின் பெயரையும் எழுதி, முத்திரை ஒட்டி, மழை நின்றதும் போய்த் தபாற்பெட்டியில் போட்டேன்.